கத்தரிக்காய்க்கு முதலில் எண்ணெய்: ஜப்பானிய மிசோ வதக்கல், முதல்முறை செய்பவர்களுக்கு

டோக்கியோவில் ஒற்றை அடுப்பு வைத்த வாடகை அறைக்குக் குடிவந்து, தன் கையால் பொங்கிச் சாப்பிடத் தொடங்கும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு. இங்கே கடையில் கிடைப்பதை வைத்து, இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் செய்கிற மாதிரியே, சீக்கிரம் ஆகிற ஒரு கறி சொல்லுங்கள் என்பார்கள். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: நாசு தோ புத்தானிக்கு நோ மிசோ இத்தாமே. நாசு என்றால் கத்தரிக்காய். புத்தானிக்கு, பன்றிக்கறி. மிசோ என்பது சோயா அவரையைப் புளிக்கவைத்து எடுக்கும் விழுது. இத்தாமே என்றால் வாணலியில் பிரட்டி வதக்குவது. இங்கே கோடைக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இதுவோ இதற்குப் பங்காளி முறையான ஏதாவதொன்றோ சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும்.

அடுப்பு வேலை கால்மணி நேரம்கூட இல்லை. ஆனால் நம் கைப்பழக்கத்தோடு இதைச் செய்யப் போனால் கெட்டுப்போகும். நான் முதல்முறை செய்தபோது, அம்மா செய்வதுபோல் கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டேன். வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கறியையும் காயையும் சேர்த்தே போட்டேன். காய் எண்ணெய் முழுவதையும் குடித்துவிட்டது. கறி அடிப்பிடித்தது. பயந்துபோய்க் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். தோலின் ஊதா நிறம் வெளுத்து, எல்லாம் சேர்ந்து பழுப்பு நிறத்தில் கூட்டு மாதிரி ஆகிவிட்டது.

கீழ்வீட்டுப் பாட்டி தன் அடுப்பில் செய்துகாட்டிய பிறகுதான் எங்கே தவறினேன் என்று புரிந்தது. அவர் கத்தரிக்காயைத் தனியாக, முதலில், தாராளமாக எண்ணெய் காட்டி வதக்கி எடுத்து வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி தானாக வந்துவிடும்.

சோற்றை முதலில் வையுங்கள்

குக்கரில் ஜப்பானிய அரிசி வேக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கறியோ அதற்குள் இரண்டு தடவை செய்துவிடலாம். அதனால் அரிசியைக் களைந்து ஊறவைத்து, குக்கரைத் தட்டிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். குக்கரோடு வரும் கப் 180 மில்லி, சமையல் குறிப்புகளில் வரும் ஜப்பானியக் கப் 200 மில்லி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடையில் என்ன பார்த்து வாங்குவது

சாதாரண நாசு நம் கையளவு நீளம் இருக்கும். கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட ஊதா நிறம். நம் ஊர்க் கத்தரிக்காய்க்குக் காம்பை ஒட்டிய தொப்பி பச்சையாக இருக்கும், இதற்கு அதுவும் கறுத்த ஊதாதான். ஒரு காய் 80 முதல் 100 கிராம். மூன்று, நான்கு, ஐந்து என்று பையில் போட்டு விற்பார்கள். தோல் பளபளவென்று இறுக்கமாக இருக்க வேண்டும். தொப்பியின் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள், முள் சுருக்கென்று குத்தினால் பறித்து அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம். காய் கனமாக இருக்க வேண்டும். கைக்கு லேசாகத் தெரிந்தால் உள்ளே வற்றிப்போயிருக்கும்.

பருவம் கோடையிலிருந்து இலையுதிர் காலம் வரை. குளிர்காலத்திலும் கிடைக்கும், அதில் பெரும்பங்கு ஷிக்கோக்குத் தீவின் கோச்சி மாநிலத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வருவது. விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வேறு வகைகளும் கண்ணில் படும். கியோத்தோவின் உருண்டையான காமோ நாசு மிசோ தடவிச் சுடுவதற்கு. ஒசாக்கா பக்கத்துச் சென்ஷூவில் விளையும் மிசு நாசு ஊறுகாய்க்கும் பச்சையாகச் சாப்பிடுவதற்கும். அதை வாணலியில் போடுவது பாவம். பச்சைத் தொப்பி வைத்த பெரிய குண்டுக் காய்க்குப் பெயர் ‘பெய்நாசு’. தோல் தடிமன் என்பதால் இந்தக் கறிக்கு நான் வாங்குவதில்லை. நீளமான நாகா நாசு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், நன்றாகக் குழையும்.

கறி வாங்கும்போது இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும். ‘புத்தா பாரா’ என்பது வயிற்றுப்பகுதி, கொழுப்பும் சதையும் மாறி மாறி வரிவரியாக இருக்கும். ‘புத்தா கோமாகிரே’ என்பது பல பகுதிகளையும் வெட்டும்போது மிஞ்சும் மெல்லிய துண்டுகள், விலை குறைவு. இரண்டுமே இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவப்பட்டே வரும் என்பதால் வீட்டில் வெட்டும் வேலை அநேகமாக இல்லை. தட்டின் மேலே 100 கிராமுக்கு என்ன விலை என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். மாலை நேரம் போனால் ‘வாரிபிக்கி’ என்ற தள்ளுபடி ஒட்டியோ, இன்னும் தாமதமாகப் போனால் ‘ஹாங்காகு’ என்ற பாதிவிலை ஒட்டியோ சில தட்டுகளில் இருக்கும். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் அதைத் தாராளமாக வாங்கலாம். ஒன்று மட்டும்: ஒசாக்கா பக்கம் போய் வெறுமனே ‘நிக்கு’ என்று கேட்டால் மாட்டிறைச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘புத்தா’ என்று சேர்த்தே சொல்ல வேண்டும்.

மிசோ அலமாரிக்கு முன்னால் முதல்முறை நிற்பவர்கள் மலைத்துப்போவார்கள். இவ்வளவு வகையா என்று. அரிசி சேர்த்தது, வாற்கோதுமை சேர்த்தது, அவரை மட்டுமே போட்டது என்று மூன்று பெரும் குடும்பங்கள். முதலாவதாக வாங்க, நாகானோ பகுதியின் ஷின்ஷூ மிசோ போன்ற இளம்பழுப்பு அரிசி மிசோ சரியாக இருக்கும். கியோத்தோவின் வெள்ளைச் சாய்க்கியோ மிசோ இனிப்பு தூக்கலாக, உப்பு குறைவாக இருக்கும். ஐச்சி மாநிலத்தின் ஹாச்சோ மிசோ கறுத்து, துவர்ப்போடு வரும். இரண்டும் அருமையானவை, ஆனால் கை பழகிய பிறகு வாங்கலாம். உறையில் ‘தாஷி இரி’ என்று இருந்தால் மீன் சாறு சேர்த்தது. ரசம் மாதிரிக் குடிக்கும் மிசோ சூப்புக்கு அது வசதி, இந்தக் கறிக்கு அவசியமில்லை. மிசோவைக் குளிர்பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உறைபெட்டியில் வைத்தாலும் கல்லாக இறுகாது, கரண்டியால் அப்படியே எடுக்கலாம்.

அப்புறம் மிரின். இனிப்பான அரிசி மது. ‘ஹோன் மிரின்’ என்பதில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் இருப்பதால் சட்டப்படி அது மதுபானம், 20 வயது நிரம்பாத மாணவர்களுக்குக் கடையில் தரமாட்டார்கள். அவர்கள் ‘மிரின் ஃபூ’ என்று எழுதிய பாட்டிலை வாங்கலாம், அதில் ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சாக்கே என்பது அரிசி மது, சமையலுக்கென்று விற்கும் ‘ரியோரி ஷூ’ என்ற சாக்கேயில் உப்பு கலந்திருக்கும். குடிக்கும் மதுவாகக் கணக்கில் வராமல் இருக்கவே அந்த உப்பு. ஆகவே அதை ஊற்றும்போது கறியில் கொஞ்சம் உப்பும் சேருகிறது என்பதை மறக்கக் கூடாது.

எள் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ‘கோமா அபுரா’ என்று பழுப்பு நிறத்தில் விற்பது வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது. இரண்டும் ஒரே விதையிலிருந்து வந்தாலும் வாசனையில் தூரத்துச் சொந்தம்தான். வறுத்த எண்ணெயைக் கடைசியில் ஒரு தேக்கரண்டி விட்டாலே வீடு முழுக்க மணக்கும். அதை ஊற்றி வதக்கத் தொடங்கினால் மற்ற வாசனை எதுவும் எழாது.

அளவு, இரண்டு பேருக்கு

நாசு மூன்று. மெல்லிய பன்றிக்கறி 150 கிராம். ‘பீமான்’ என்று விற்கும் சின்னப் பச்சைக் குடைமிளகாய் இரண்டு. கட்டைவிரல் நுனியளவு இஞ்சி. வாசனை இல்லாத எண்ணெய் இரண்டரை மேசைக்கரண்டி. கடைசியில் விட வறுத்த எள் எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

மிசோக் கலவைக்கு: மிசோ ஒன்றரை மேசைக்கரண்டி, சாக்கே ஒன்று, மிரின் ஒன்று, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி.

மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. நூறு யென் கடையில் இரண்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கண்ணளவில் போடுவது நம் வழக்கம்தான், ஆனால் மிசோ விஷயத்தில் முதல் சில தடவை கண்ணை நம்ப வேண்டாம். சாதாரண மிசோவில் சுமார் 12 சதவீதம் உப்பு. மேலே சொன்ன அளவிலேயே மூன்று கிராம் உப்பு வந்துவிடுகிறது, சோயா சாஸில் இன்னும் ஒரு கிராம் கிட்ட. ஆகவே தனியாக உப்பு போடவே கூடாது. கறிக்கு உப்பு தடவும் கையைக் கட்டிப்போடுங்கள்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

கலவையை முதலில் கரைத்துவிடுங்கள். சின்னக் கிண்ணத்தில் மிசோவையும் சர்க்கரையையும் போட்டுக் குழைத்து, அப்புறம் சாக்கேயையும் மிரினையும் சோயா சாஸையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கட்டி இல்லாமல் வரும். எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றினால் மிசோ கட்டி கட்டியாக நிற்கும், வாணலியில் அது கரையாது. கடைசிக் கட்டத்தில் ஒரு நிமிடம்தான் இருக்கும். பாட்டிலைத் திறக்கவும் அளக்கவும் அப்போது நேரம் கிடைக்காது.

இஞ்சியைப் பொடியாக நறுக்குங்கள். பீமானைப் பிளந்து விதை எடுத்து, ஒரு வாய்க்கு அடங்கும் துண்டாக வெட்டுங்கள். பாரா வாங்கியிருந்தால் சமையல் கத்தரிக்கோலால் தட்டிலேயே வைத்து நாலு விரல் நீளத்துக்கு வெட்டிவிடலாம், பலகையில் பச்சைக்கறி படாமல் இருக்கும். கறியின் மேல் ஒரு தேக்கரண்டி ‘கத்தாக்குரிக்கோ’ தூவிக் கையால் லேசாகப் புரட்டினால், கறி மிருதுவாக இருக்கும், கலவையும் ஒட்டிப் பிடிக்கும். கத்தாக்குரிக்கோ என்பது உருளைக்கிழங்கு மாவு. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், குறை ஒன்றுமில்லை.

கத்தரிக்காயைக் கடைசியாகத்தான் நறுக்க வேண்டும். இதில்தான் நம் பழக்கம் குறுக்கே வரும். நறுக்கியதும் தண்ணீரில் போடச் சொல்லிக் கை துடிக்கும். கறுக்காமல் இருக்கவும் காறல் போகவும்தான் அப்படிச் செய்கிறோம். உடனே எண்ணெயில் போகும் காய்க்கு அது தேவையில்லை. தண்ணீரோடு போனால் எண்ணெய் தெறிக்கும், காயும் வதங்காமல் அவியும். நறுக்கிய பிறகு தொலைபேசி வந்து பேச்சு நீண்டுவிட்டது என்றால், ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து, காகிதத் துண்டால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி ஈரம் போக்கிவிடுங்கள்.

வெட்டும் விதம்: தொப்பியை நீக்கி, காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தோல் மேல் கத்தி நுனியால் சாய்வாக மெல்லிய கோடுகள் கீறுங்கள். ஆழமாக வேண்டாம், தோல் மட்டும் திறந்தால் போதும். கலவை உள்ளே இறங்க அதுதான் வழி. அப்புறம் ஒவ்வொரு பாதியையும் குறுக்கே மூன்று துண்டாக வெட்டுங்கள். காயைப் பலகையில் உருட்டி உருட்டிச் சாய்வாக வெட்டும் ‘ரான்கிரி’ முறையும் உண்டு, கோணல்மாணலாக வரும் துண்டுகளில் கலவை நிறையப் பிடிக்கும். நான் பிளப்பதைத்தான் விரும்புகிறேன். தோல் ஒரே பக்கமாக இருப்பதால் அடுப்பில் அடுக்க எளிது.

அடுப்பில்

நறுக்கிய துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை அதன் மேலேயே ஊற்றி, கையால் நன்றாகப் பிசிறுங்கள். வாணலியில் எண்ணெய் ஊற்றிவிட்டுக் காயைப் போட்டால் முதலில் விழும் நாலு துண்டுகள் எல்லா எண்ணெயையும் குடித்துவிடும், மற்றவை காய்ந்து கிடக்கும். கிண்ணத்திலேயே பிசிறினால் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் போய்ச் சேரும். எண்ணெய் மொத்தத்தில் மிச்சமும் ஆகும்.

26 சென்டிமீட்டர் வாணலி போதும். ஒட்டாத பூச்சு இருந்தால் நல்லது. துண்டுகளைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, நடுத்தரத் தீயில் வைத்து மூடியைப் போடுங்கள்.

தோலை ஏன் முதலில்? அந்த ஊதா நிறத்துக்குக் காரணம் நாசுனின் என்ற சாயம், பெயரே நாசுவிலிருந்து வந்தது. அது தண்ணீரில் கரைந்துபோகும் சாயம். தோல் மேல் எண்ணெய் படிந்து சூடு நேராகப் பட்டால் நிறம் அப்படியே நிற்கும். ஈரத்தில் மெதுவாக வெந்தால் ஒழுகிப் பழுப்பாகிவிடும்.

இப்போது மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும். புதியவர்களுக்கு இதுதான் கஷ்டம். பாட்டி வீட்டில் நான் கரண்டியோடு கிட்டப் போனபோது, அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக விலக்கினார். கத்தரிக்காயின் சதை கடற்பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்றறைகள். முதல் அரை நிமிடத்தில் எண்ணெய் எல்லாம் அதற்குள் போய்விடும். வாணலி வறண்டு கிடக்கும். இன்னும் எண்ணெய் விட வேண்டும்போல இருக்கும். விடாதீர்கள். சூடு உள்ளே ஏற ஏற அந்த அறைகள் சரிந்து சதை அமுங்கும். அப்போது குடித்த எண்ணெயில் ஒரு பங்கை அதுவே வெளியே விடும். மூடியைத் திறந்தால் துண்டுகளின் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகளாக எண்ணெய் மினுங்குவதைப் பார்க்கலாம். சத்தமும் மாறும். முதலில் வரட்டு வரட்டென்று இருந்தது இப்போது சன்னமாகச் சிசுசிசுக்கும். அந்தச் சத்தம் வந்தால் திருப்பிப் போடலாம்.

திருப்பியதும் தோல் பளிச்சென்று ஊதாவாக, எண்ணெய் பூசிய மரம் மாதிரித் தெரியும். மூடி இல்லாமல் இன்னும் இரண்டு நிமிடம். வெட்டிய முகம் இளம் பொன்னிறமாக வேண்டும். குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். அரைவேக்காட்டில் எடுத்து, கறியோடு சேர்ந்து வெந்துவிடும் என்று விடாதீர்கள், வேகாது. வேகாத கத்தரிக்காய் வாயில் கரகரவென்று பஞ்சு மாதிரி மாட்டும்.

அதே வாணலியில் மீதி அரை மேசைக்கரண்டி எண்ணெய், இஞ்சி. வாசனை எழும்பியதும் கறியைப் பரப்பிப் போடுங்கள். பாரா என்றால் எண்ணெயே வேண்டாம், அதன் கொழுப்பே உருகிவரும். ஒரு நிமிடம் கிளறாமல் விட்டுப் பிறகு பிரித்துப் பிரித்துத் திருப்புங்கள். ஒட்டிக்கொண்டு மடிந்திருக்கும் இடங்களில்தான் பச்சை மிஞ்சும். இளஞ்சிவப்பு எங்குமே இல்லாமல் முழுக்க வெளிறும்வரை வேக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பன்றிக்கறியைப் பச்சையாகப் பரிமாறுவதையே ஜப்பான் 2015 ஜூனில் தடைசெய்துவிட்டது. பச்சைக்கறியைத் தொட்ட குச்சியை வைத்தே சாப்பாட்டையும் எடுக்காதீர்கள், வேறு குச்சிக்கு மாறிவிடுங்கள். கொழுப்பு நிறைய உருகித் தேங்கினால் காகிதத் துண்டை மடித்து ஒற்றி எடுத்துவிடலாம். தேங்கவிட்டால் மிசோ கறியில் பிடிக்காமல் வழுக்கும்.

பீமானைப் போட்டு ஒரு நிமிடம். பச்சை நிறம் துலங்கியதும் கத்தரிக்காயைத் திரும்பச் சேர்த்துத் தீயைக் குறையுங்கள். கலவை அடியில் படிந்திருக்கும், கரண்டியால் ஒருமுறை கலக்கிவிட்டு வாணலியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். மிசோவில் மாவும் சர்க்கரையும் இருப்பதால் பெருந்தீயில் நொடியில் தீய்ந்துவிடும், அந்தக் கசப்பை எதுவும் சரிசெய்யாது.

ஊற்றியதும் நிறையச் சின்னக் குமிழிகள் வேகமாக எழும். வாணலியை ஆட்டியோ, கரண்டியை அடியில் விட்டு மெதுவாகப் பிரட்டியோ விடுங்கள். முக்கால் நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, சோம்பேறித்தனமாக வெடிக்கத் தொடங்கும். குழம்பு சுண்டித் துண்டுகளின் மேல் கண்ணாடி மாதிரிப் பூசிக்கொள்ளும். இந்தப் பளபளப்புக்கு ஜப்பானியர் ‘தேரி’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். தேரி வந்ததும் எள் எண்ணெயை விட்டு, அடுப்பை அணைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சுண்டட்டும் என்று விட்டால் ஆறும்போது உப்புக் கரிக்கும்.

இந்தக் கூட்டணி எங்கிருந்து வந்தது

கத்தரிக்காயும் மிசோவும் சேர்வது இங்கே மிகப் பழைய பழக்கம். நம் பக்கத்துக் காய்தான் சீனா வழியாகக் கிழக்கே போனது. ஜப்பானில் 8-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. எண்ணெய் தடவிச் சுட்டு மிசோ பூசிய கத்தரிக்காய்க்கு இன்றும் ‘ஷிகியாக்கி’ என்று பெயர். ஷிகி என்றால் உள்ளான் குருவி. பறவை போய்விட்டது, பெயர் மட்டும் காயின்மேல் தங்கிவிட்டது.

கறி இதில் வந்து சேர்ந்தது அண்மையில்தான். 675-ஆம் ஆண்டு தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைத் தின்பதற்குத் தடை போட்டார். அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் இறைச்சி இங்கே வெளிப்படையான வீட்டுச் சாப்பாடாக இல்லை. 1872-இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று செய்தி பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. அதனால்தானோ என்னவோ, இந்தக் கறியில் இறைச்சி தலைவன் இல்லை. மூன்று கத்தரிக்காய்க்கு 150 கிராம் என்றால் நமக்குக் குறைவாகத் தெரியும். கறியின் கொழுப்பும் சாறும் காய்க்குள் இறங்குவதற்குத்தான் அது. கறியைக் கூட்டிக் காயைக் குறைத்துச் செய்து பார்த்திருக்கிறேன். சாப்பிடலாம், ஆனால் அது வேறொரு பண்டம்.

ஓபோன் என்ற மூதாதையர் வழிபாட்டில், வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிக் கால்கள் செருகி வாசலிலோ படையலிலோ வைப்பார்கள். வெள்ளரி குதிரை, முன்னோர் விரைந்து வீடு வர. கத்தரி மாடு, அவர்கள் மெதுவாகத் திரும்பிப் போக. ஆகஸ்ட் மாதம் முதல்முறையாக அதைப் பார்த்தால் விளையாட்டுப் பொம்மை என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள்.

மசாலா போடலாமா?

எல்லோரும் கேட்பது இது. முதல் மூன்று தடவை போடாதீர்கள் என்பதுதான் என் பதில். கடுகு, வெங்காயம், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். மிசோவின் ஆழம் நாக்குக்குப் பிடிபட அவ்வளவு அவகாசம் தேவை. உறைப்பு இல்லாமல் முடியாது என்றால், ‘ஷிச்சிமி’ என்ற ஏழு சரக்குப் பொடியைச் சாப்பிடும்போது மேலே தூவிக்கொள்ளுங்கள். இஞ்சியோடு ‘தோபான்ஜான்’ என்ற மிளகாய் அவரை விழுது அரைத் தேக்கரண்டி போட்டு, பன்றிக்கறிக்குப் பதில் கொத்துக்கறி வைத்தால் அது சீனவழி வந்த மாபோ நாசுவின் பக்கம் போய்விடும். அதுவும் நல்ல கறிதான். ‘ஓபா’ இலை நாலைந்தைச் சுருட்டி மெல்லியதாக அரிந்து மேலே போடுவதை மட்டும் தவறவிடாதீர்கள், நம் கொத்தமல்லி செய்யும் வேலையை இங்கே அதுதான் செய்கிறது.

பன்றிக்கறி வேண்டாம் என்றால்

கோழித் தொடைக்கறியை, ‘தோரி மோமோ’ என்று இருக்கும், சின்னத் துண்டாக வெட்டி நாலைந்து நிமிடம் கூடுதலாக வேகவையுங்கள். நெஞ்சுக்கறி வறண்டுபோகும். மரக்கறிக்காரர்களுக்கு ‘அத்சுஆகே’ என்ற தடித்த பொரித்த தோஃபு மிகப் பொருத்தம், அதன் தோல் மிசோவை நன்றாக இழுத்துக்கொள்ளும். அவர்கள் மிசோ உறையில் ‘தாஷி இரி’ இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதுவைத் தவிர்ப்பவர்கள் சாக்கேயையும் மிரினையும் விட்டுவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் கூடுதலாக ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் போட்டால் சுவை கிட்ட வந்துவிடும். மிசோவிலும் சோயா சாஸிலும்கூடக் கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்ப்பதுண்டு, சேர்மானப் பட்டியலில் ‘ஷூசேய்’ என்று இருக்கும். அது இல்லாத உறைகளும் அதே அலமாரியில் இருக்கும். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவைப் பட்டியல் மேல் காட்டினால் தெரிந்துவிடும்.

ஊருக்குப் போய்ச் செய்து காட்ட விரும்பினால், சின்ன உருண்டைக் கத்தரிக்காய் வேண்டாம், விதை அதிகம். நீள ஊதாக் கத்தரிக்காயில் பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். இறைச்சியை மெல்லியதாகச் சீவித் தரும் கடை கிடைக்காது என்றால், ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்துப் பாதி இறுகியதும் கத்தியால் சீவலாம். மிசோவைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போங்கள், அதற்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

தட்டில்

சூடான சோறு, பக்கத்தில் குளிர்ந்த தோஃபு ஒரு துண்டு, உப்பில் பிசறிய வெள்ளரிக்காய். கறியிலேயே மிசோ இருப்பதால் மிசோ சூப்பைத் தவிர்த்து, முட்டை கலக்கிய தெளிந்த சூப் வைப்பேன். சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, கறியை நேராக அதன் மேலேயே வைத்தும் சாப்பிடலாம், கலவை சோற்றில் இறங்குமிடம்தான் எனக்குப் பிடித்த இடம்.

மிஞ்சினால் ஆறவிட்டு மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள், இரண்டு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு டப்பாவில் எடுத்துப் போவதானால், காலையில் நன்றாகச் சூடாக்கி, ஆவி முழுக்க அடங்கிய பிறகே மூடுங்கள். இரவு முழுக்கக் கலவையில் ஊறிய கத்தரிக்காய், செய்த அன்றைக்கு இருந்ததைவிடக் கறுத்து, வாயில் போட்டதும் வெண்ணெய் மாதிரிப் போய்விடும். நான் நாலாவது கத்தரிக்காயையும் சேர்த்துச் செய்வது அதற்காகத்தான்.